ஊசிக்கு முன்னால் கேட்கிற கேள்விகள்

அமிக்காசின் ஊசி எழுதிய கேஸ் ஷீட் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது கிரியேட்டினின் அளவை, அடுத்து எடையை. பிறகு கட்டிலருகே போய், "அண்ணாச்சி, ஒன்னுக்கு நல்லாப் போகுதா?" என்று கேட்பேன்.

தூத்துக்குடியில் இதைக் கேட்காமல் முடியாது. சித்திரை வெயிலில் உப்பு வாரிவிட்டு வருகிறவர்களின் உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கும். அளத்தில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு இடுப்புவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோபினாக். இத்தனைக்கும் மேல் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் ஏறி, குளிரும் நடுக்கமுமாக வந்து சேர்கிறார்கள். அந்தத் தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசினும் அமிக்காசினும் உடம்பை விட்டுப் போக சிறுநீரகம்தான் வழி. அவை தேங்கிக் கெடுப்பதும் அதையேதான். முதல் டோஸைத் தள்ளிப்போட மாட்டோம். அந்த நிலையில் ஒரு மணி நேரமும் பெரிது. இரண்டாவது டோஸை எப்போது போடுவது என்பதில்தான் கவனம் முழுக்க வேண்டும்.

ஒரு நாள் மருந்தை ஒரே வேளையாகப் போடுவதற்கும் காரணம் உண்டு. ரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போகும்போதுதான் கிருமி அதிகம் சாகிறது. அளவு இறங்கிய பிறகும் மிச்சக் கிருமி சில மணி நேரம் எழுந்திருக்காது. அந்த இடைவெளியில் சிறுநீரகம் ஓரளவு மூச்சு விட்டுக்கொள்ளும். நான் 100 மில்லி சலைனில் கலந்து, அரை மணிக்குக் குறையாமல் ஏற்றுவேன். செப்ட்ரியாக்சோனோடு ஒரே பாட்டிலில் கலக்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவே சலைன் விட்டு லைனைக் கழுவ வேண்டும்.

மில்லர்புரத்தில் எங்கள் தெருக்காரர்கள் மருந்தும் சீட்டுமாக வீட்டுக்கே வருவார்கள். "அக்கா, இத மட்டும் போட்டு விட்ருங்க." ஜென்டாமைசின் என்றால் போட மாட்டேன். வருத்தப்படுவார்கள், தெரியும். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் வீட்டில் இந்த மருந்தைத் தொட எனக்கு மனம் வராது.

காசநோய் வார்டில் இந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைப் போட்டுத்தான் நான் பழகினேன். பழைய திட்டத்தில், நோய் திரும்பி வந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள், இரண்டு மாதத்தில் 24 ஊசி, அளவு 0.75 கிராம், ஐம்பது வயது தாண்டியவருக்கு 0.5 கிராம். தூளை நீரில் முழுக்கக் கரைத்து, பிட்டத்தில் ஆழமாக, பக்கம் மாற்றி மாற்றிப் போடுவோம். இந்த ஊசிக்குச் சென்னையில் ஒரு வரலாறு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோநியாசிடும் தரும் முறையைச் சோதித்து 1964-இல் முடிவை வெளியிட்டது. மாத்திரையை வீட்டில் மறந்துவிடலாம், ஊசிக்கு ஆள் நேரில் வந்தாக வேண்டும். மருந்தைக் கண்ணெதிரே கொடுக்கிற வழக்கம் உலகெங்கும் பரவ அந்த ஆய்வும் ஒரு காரணம்.

வருகிறவரிடம் காதைப் பற்றியும் கேட்போம். "இரைச்சல் கேக்குதா? இருட்டுல நடந்தா தள்ளாடுதா?" உள்காதின் மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அமிக்காசினும் அதே குடும்பத்துக் கனாமைசினும் கேட்கும் திறனைத்தான் அதிகம் தாக்கும். முதலில் போவது மிக உயர்ந்த கீச்சொலிகள் என்பதால் பேச்சு கேட்கிறவரை நோயாளிக்கே தெரியாது. அதனால் காதுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவேன். ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் உடம்பின் நிதானத்தை எடுத்துவிடும். கரையில் கண் பார்த்துச் சமாளித்துவிடலாம். ஆடுகிற வள்ளத்தில் இருட்டில் நிற்கிறவர் என்ன செய்வார்? கலங்கிய நீருக்கடியில் சங்கு குளிப்பவருக்கு மேல் எது, கீழ் எது என்றே தெரியாமல் போகலாம். எங்கள் ஊரில் தொழிலைக் கேட்காமல் இந்த ஊசியைத் தொடங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இப்போது காசநோய்க்குப் பெரும்பாலும் மாத்திரைதான். எனக்கு அதில் நிறைவு. ஆனால் ரத்தத்தில் கிருமி ஏறியவர்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் அமிக்காசினும் ஜென்டாமைசினும் இன்றும் வேண்டியிருக்கின்றன. ராத்திரி ட்யூட்டிக்கு வரும் தங்கைகளிடம் நான் ஒப்படைப்பது இப்படித்தான்: எட்டாம் கட்டில், அமிக்காசின், அடுத்த டோஸ் காலை ஆறு மணி. அதற்குள் மூத்திரப் பையில் அளவு குறைந்தால் மருந்தை ஏற்றாதே, டாக்டரைக் கூப்பிடு.