பனி இல்லாத ஊரில் ஒரு பனிச்சறுக்கு ரைட்டர்!

பனியில சறுக்கணும். சறுக்கினதை எழுதணும். அதுக்குக் காசும் கொடுப்பாங்க! 'அடடா, வேலைன்னா இதுவல்லவோ வேலை'னு துள்ளுறீங்களா? கொஞ்சம் பொறுங்க பாஸ். 2024 ஜனவரியில, குல்மார்க்ல ஒரு ஃப்ரீலான்ஸ் பயண எழுத்தாளர் பின்னாலேயே மூணு நாள் சுத்தினவன் சொல்றேன்... கேளுங்க!

காஷ்மீர்ல சுமார் 2,650 மீட்டர் உயரத்துல இருக்கிற புல்வெளிதான் குல்மார்க். டிசம்பர் 21-ல ஆரம்பிக்கிற 40 நாள் கடுங்குளிருக்கு அங்கே 'சில்லை கலான்'னு பேர். அந்த நாட்கள்ல ஊரே வெள்ளைவெளேர்னு இருக்கணும். ஆனா, அந்த வருஷம் காய்ஞ்ச பழுப்புப் புல்தான். மே மாச காலேஜ் கிரவுண்டு மாதிரி!

கோண்டோலாவுல மேலே போனோம். 1998-ல முதல் கட்டம், 2005-ல ரெண்டாவது கட்டம்னு கட்டின ரோப் கார் இது. அஃபர்வாட் மலையில 3,900 மீட்டர் தாண்டி இறக்கிவிடுது. கடல் மட்டத்தைவிட அங்கே காற்றழுத்தம் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைவு. பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்குது. அவர் பையில லேப்டாப் இல்லை, நோட்டும் பென்சிலும்தான். குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துடும், பேனா மை இறுகிடும். நாலு செமஸ்டர்ல யாரும் சொல்லித்தராத பிராக்டிகல்!

சம்பளம்? மாசச் சம்பளமே கிடையாது. வார்த்தைக்கு இவ்வளவுனு கணக்கு. கட்டுரை அச்சாகி, பணம் கைக்கு வர மாசக்கணக்காகும். சறுக்குக் கட்டை, பூட்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சொந்தக் காசு. பனி சீஸன் முடிஞ்சா பீச், கோயில், பிரியாணினு எது கிடைச்சாலும் எழுதியாகணும்.

அதனாலதான் ஹோட்டல்காரங்க இலவசமா ரூம் தந்தா வாங்கிக்கத் தோணும். அவருக்கும் ஒரு ஹோட்டல்ல அப்படித்தான் தந்திருந்தாங்க. ரெண்டாவது நாள் மேனேஜர் மெதுவா வந்தார். "பனி இல்லைனு மட்டும் எழுதாதீங்க மேடம். போன வருஷ போட்டோ வேணும்னா நான் தர்றேன்!"

அவர் சிரிச்சுட்டு விட்டுட்டார். ஆனா, வேலையில்லாம உட்கார்ந்திருந்த ஸ்லெட்ஜ் இழுக்கிற பெரியவர் ஒருத்தர், "நீங்க எழுதினா வர்றவங்களும் வரமாட்டாங்க. எங்க வீட்டு அடுப்பு?"னு கேட்டப்ப, அவர் பென்சில் நின்னுடுச்சு.

அன்னிக்கு ராத்திரி அவர்கிட்டயே கேட்டேன், "என்ன எழுதப்போறீங்க?"

"2023 பிப்ரவரி 1-ந் தேதி இதே அஃபர்வாட்ல பனிச்சரிவு. போலந்துக்காரங்க ரெண்டு பேர் செத்துட்டாங்க. நாம எழுதறதை நம்பித்தான் ஜனங்க மலை ஏறறாங்க. இல்லாத பனியை இன்னிக்கு இருக்குனு எழுதினா, நாளைக்கு 'ஆபத்து, ஏறாதீங்க'னு எழுதறப்ப யார் நம்புவாங்க?"

பனி இல்லைனு எழுதினார். அந்தப் பெரியவரோட காலி ஸ்லெட்ஜையும் எழுதினார். கிளம்புறப்ப ரூம் வாடகையை எண்ணி வெச்சார். அது, அந்தக் கட்டுரைக்குக் கிடைக்கப்போற பணத்தைவிட அதிகம்!

அந்த மாசக் கடைசியில பனி கொட்டுச்சு. பிப்ரவரி 22-ல மறுபடி ஒரு பனிச்சரிவு. ரஷ்யாவுல இருந்து வந்த ஒருத்தர் இறந்துட்டார். ஹாஸ்டல்ல பேப்பர்ல அதைப் படிச்சப்பதான், அவர் கேட்ட கேள்வி எனக்கு முழுசா உறைச்சது.