கதவைச் சாத்தச் சொன்னவன் நான்

பணியில் இருந்த காலம் முழுக்கச் சூரியக் குடும்பம் பாடத்தை நடத்தியிருக்கிறேன். கொற்கைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அறிவியல். ஓய்வு பெறும் நாள் வரை ஒரு பிள்ளைக்குக்கூட நான் வானத்தைக் காட்டியதில்லை. தொலைநோக்கி இல்லை, வசதி இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பக்கம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருட்டு அப்படியே கிடக்கும். மொட்டை மாடியில் படுத்தால் போதும், வானம் முழுதும் தெரியும். அதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். பயம்தான் என்னைத் தடுத்தது. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனால், "சார், அது என்ன?" என்று கையை நீட்டிக் கேட்பார்கள். எனக்குத் தெரியாது.

உண்மையிலேயே தெரியாது. சூரியனிலிருந்து நான்காவது கோள் எது என்று கேட்டால் வகுப்பே "செவ்வாய்" என்று கத்தும். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு மேலேயே செவ்வாய் சிவந்து நின்றிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. என் ஜாதகத்தில் கேட்டை நட்சத்திரம் என்று எழுதியிருக்கிறது. ஆனி மாதத்து இரவில் தெற்கு வானத்தில், தேளின் நெஞ்சில் சிவப்பாக மின்னும் விண்மீன்தான் கேட்டை என்று நான் தெரிந்துகொண்டபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது. கரும்பலகையில் சூரியனை ஓரத்தில் போட்டு, கோள்களை ஒன்றுபோல இடைவெளி விட்டு வரிசையாக வரைவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்குவார்கள். அந்தப் படமே பொய் என்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை. 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. ஏன் சார் என்று கேட்ட பையனிடம், "புத்தகத்துல மாத்திட்டாங்க, எட்டுன்னு எழுது" என்று சொன்னேன். புளூட்டோ போகும் பாதையில் அதைப் போல இன்னும் பல பொருள்கள் சுற்றுகின்றன, தன் பாதையைத் தனதாக்கிக்கொள்ளும் அளவுக்கு அது பெரிதில்லை என்று ஒரு நிமிடத்தில் விளங்கவைத்திருக்கலாம். அவன் கேட்டது காரணம். நான் கொடுத்தது உத்தரவு.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு நவதிருப்பதி தெரியும். ஸ்ரீவைகுண்டம் சூரியனுக்கு, நத்தம் சந்திரனுக்கு, திருக்கோளூர் செவ்வாய்க்கு, திருப்புளியங்குடி புதனுக்கு, ஆழ்வார்திருநகரி குருவுக்கு, தென்திருப்பேரை சுக்கிரனுக்கு, பெருங்குளம் சனிக்கு, இரட்டைத் திருப்பதி ராகு கேதுவுக்கு. புரட்டாசியில் ஆச்சியோடு ஒன்பதையும் சுற்றிவிட்டு வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "சார், கோயில்ல சூரியனும் சந்திரனும் கிரகம்னு சொல்லுதாவ. நீங்க பூமிதான் கிரகம்னு சொல்லுதிய. அப்ப பூமிக்கு எந்தக் கோயிலு?"

என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட ஆகச்சிறந்த கேள்வி அது. "அது மூடநம்பிக்கை, இது அறிவியல். உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுக்க அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, விண்மீன்கள் ஒன்றையொன்று விட்டு விலகாமல் கூட்டமாக நகர்வது தெரிந்தது. அவற்றுக்கு நடுவே ஏழு மட்டும் நாளுக்கு நாள் இடம் மாறின: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. கண்ணால் பார்த்து எண்ணிய கணக்கு அது, பிழையில்லை. சூரியனின் பாதையை நிலாவின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகளையும் சேர்த்தார்கள். அவைதான் ராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளை ஒட்டி வரும்போதுதான் கிரகணம். அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று வர ஏறத்தாழ பதினெட்டரை ஆண்டு ஆகும் என்பது வரை கணித்து வைத்திருந்தார்கள். பூமிக்கு ஏன் கோயில் இல்லை? நிற்கிற இடம் நகர்வது நிற்பவனுக்குத் தெரியாதே! சூரியனை நடுவில் வைத்து, பூமியையும் சுற்றுகிறவற்றில் ஒன்றாகக் கணக்கிட்ட கோப்பர்னிக்கஸின் நூல் வந்தது 1543-இல். ஆச்சியின் கணக்கிலிருந்து கோப்பர்னிக்கஸ் வரை ஒரு பிள்ளையைக் கைபிடித்து நடத்திப்போக அந்தக் கேள்வி ஒன்றே போதும். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்கப் பகுத்தறிவு என்ற பெரிய சொல்லை எடுத்து ஒரு சின்னப் பிள்ளையின் மேல் போட்டேன்.

மூடநம்பிக்கை என்று வகுப்பில் முழங்கிய நான் 2010 ஜனவரி 15 அன்று செய்ததைச் சொல்கிறேன்.

அன்று மாட்டுப் பொங்கல், தை அமாவாசையும்கூட. பள்ளி விடுமுறை. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட வளையச் சூரிய கிரகணம் நம் தலைக்கு மேலேயே கடந்து போனது. இந்தியப் பெருங்கடலின் மேல் அதன் உச்சம் 11 நிமிடம் 8 வினாடி. கன்னியாகுமரி முதல் தனுஷ்கோடி வரை பகல் ஒரு மணி தாண்டிய நேரத்தில் பத்து நிமிடத்தை ஒட்டி வளையம் நின்றது. கொற்கையும் அந்தப் பாதைக்குள்தான். ஜனவரியில் பூமி சூரியனுக்குச் சற்றே நெருக்கமாக இருக்கும். அந்த நாளில் நிலாவோ நம்மைவிட்டு விலகிய தொலைவில் இருந்தது. அதனால் நிலாவால் சூரியனை முழுதாக மூட முடியவில்லை. விளிம்பு நெருப்பு வளையமாக மிஞ்சியது. பொங்கல் விடுமுறைக்கு முன்பே பிள்ளைகள் கேட்டார்கள்: "சார், பள்ளிக்கூடத்துக்கு வந்தா காட்டுவியளா?" நான் சொன்னேன்: "கண்ணு போயிரும்ல. யாரும் வெளிய வரக்கூடாது. கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள இருங்க."

நேராகப் பார்த்தால் கண் போகும் என்பது உண்மை. ஆனால் ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கீழே விழும் உருவத்தைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அதுவும் புத்தகத்தில் இருந்தது, ஊசித் துளைக் காமிரா என்ற தலைப்பில். நானே நடத்திய பாடம். காட்டப்போய் எந்தப் பிள்ளைக்காவது தலைவலி வந்தாலும் பழி என் மேல் விழும் என்று கணக்குப் போட்டேன். கிரகண நேரத்தில் வாத்தியார் தெருவில் நிற்கிறார் என்று ஊர் பேசும் என்றும் பயந்தேன்.

நானும் வீட்டுக்குள்ளேதான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலின் நிறம் மாறுவது சன்னல் வழியே தெரிந்தது. வெளிச்சம் இருந்தது, ஆனால் சூடு குறைந்த, பித்தளை கலந்த வெளிச்சம். பின்கதவை ஒரு சாண் திறந்தேன். முற்றத்தில் வேப்பமரம். அதன் நிழலில், காலையில் பெருக்கிய மண்ணின் மேல், நூற்றுக்கணக்கான ஒளி வளையங்கள் கிடந்தன. இலைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு சந்தும் ஊசித் துளையாகி, ஒவ்வொன்றும் ஒரு சூரியனைத் தரையில் வரைந்திருந்தது. காற்று அசைந்தால் எல்லா வளையமும் சேர்ந்து அசைந்தன. வாசற்படியில் வந்து ஒன்று என் கால்மேல் விழுந்தது. தலையைத் தூக்க வேண்டாம், கண்ணாடி வேண்டாம், காசு வேண்டாம். குனிந்து மண்ணைப் பார்த்தாலே போதும். சுவருக்கு அந்தப் பக்கம் என்னிடம் படிக்கும் மூன்று பிள்ளைகள் அடைத்த வீட்டுக்குள் இருந்தார்கள், குரல் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள்.

நான் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் ஒருவன் இப்போது லாரி ஓட்டுகிறான். குலசேகரப்பட்டினத்து வேலைக்கு ஜல்லி ஏற்றிப் போகிறான். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினாரே, அந்த வேலை. ஒரு நாள் ஏரல் கடைத்தெருவில் பார்த்து, "சார், ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இங்க எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டான். இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது. துருவங்களைச் சுற்றும் பாதைக்கு ராக்கெட் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே விட்டால் இலங்கைக்கு மேலே போகும். அதைச் சுற்றி வளைந்து போவதில் எரிபொருள் செலவாகும். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் செலவு தாங்காது. குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே வெறும் கடல்தான். தரையில் படம் போட்டுக் காட்டினேன். அவன் கவனமாகக் கேட்டான். பிறகு கிரகணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வேப்பமரத்தடியில் கண்டதை அவனிடம் சொன்னேன். "எங்களக் கூப்பிட்டிருக்கலாமே சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது.

இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு விண்வெளி தூரத்துச் சங்கதி இல்லை. மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத் திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். கொற்கையில் 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 785 என்று காலம் கணித்தார்களே, அந்தக் கணிப்புக்கு உதவிய கார்பன்-14 அணு, விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நம் காற்றில் மோதுவதால் பிறப்பது. உழும்போது சங்கு வளையல் துண்டு பொறுக்கும் பிள்ளைகளிடம் இதையும் நான் சொன்னதில்லை.

இப்போது சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளோடு கொற்கைக் குளத்தங்கரையில் கோள்களை அடுக்குகிறேன். ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருக்கினால் சூரியன் உரித்த தேங்காய் அளவு. அதிலிருந்து பதினைந்து மீட்டரில் பூமி, ஒரு கேழ்வரகு மணி. நிலா, கேழ்வரகிலிருந்து நாலு விரற்கடைக்கும் குறைவான தூரத்தில் ஒரு பொடி மணல். மனிதன் போனது அவ்வளவு தூரம்தான். ஆதித்யா நிற்கும் இடம், பூமியிலிருந்து சூரியன் பக்கமாகப் பதினைந்து சென்டிமீட்டர். வியாழன் 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு; நெப்டியூன் 450 மீட்டரில் ஒரு மிளகு. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கில் அது இரண்டரை கிலோமீட்டர்தான் போயிருக்கிறது. கொற்கையை விட்டு விலகிப்போன கடலை எட்ட அதற்கு இன்னும் பாதிக்கு மேல் தூரம் பாக்கி. சூரியனைப் போன்ற அடுத்த விண்மீன் எங்கே என்று கேட்டார்கள். நாலாயிரம் கிலோமீட்டர், இமயமலையைத் தாண்டி கஜகஸ்தானில் இன்னொரு தேங்காய் என்றேன். ஒரு பையன் கையிலிருந்த கேழ்வரகை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருடம் வரைந்த கரும்பலகைப் படத்தில் இந்த வெறுமை ஒரு விரல் அகலம்கூட இல்லை.

இதனால் பழைய கணக்கு நேராகிவிடாது. அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டாள் என்றுகூட எனக்குத் தெரியாது. 2031 மே 21, நண்பகலை ஒட்டி, மதுரைப் பக்கம் வளையக் கிரகணம் தெரியும். பேருந்தில் போய்விடும் தூரம். கோடை விடுமுறை வேறு. உடம்பு இடம் கொடுத்தால் தெருப் பிள்ளைகளை நானே கூட்டிப்போவேன். இல்லாவிட்டால் லாரிக்காரத் தம்பி கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். பெற்றவர்களிடம் இப்போதே பேசத் தொடங்கிவிட்டேன். "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா சார்?" என்று ஒரு அம்மா கேட்டார். அட்டையில் ஊசித் துளை போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பது எப்படி என்று முதலில் அவருக்குத்தான் காட்டினேன்.