அரைக்காசு அம்மனும் எங்கள் வீட்டு டி டிரைவும்

எங்கள் ஊரில் ஏதாவது பொருள் தொலைந்து போனால் முதலில் கட்டிலுக்கு அடியில் தேட மாட்டார்கள். "அரைக்காசு அம்மா, கண்டுபிடிச்சுக் குடு, வெல்லம் வைக்கிறேன்" என்று ஒரு வேண்டுதல். அதற்குப் பிறகுதான் கட்டில், பீரோ எல்லாம். திருக்கோகர்ணம் பிரகதாம்பாள்தான் அந்த அரைக்காசு அம்மன். புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்த காலத்தில் தொண்டைமான் மன்னர்கள் இந்த அம்மன் உருவம் பதித்த செப்புக்காசு வெளியிட்டார்கள். நவராத்திரிக்கு அரிசியோடு அந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பார்களாம். அம்மன் காசு என்று பெயர். சாவி, கம்மல், ரேஷன் கார்டு என்று எங்கள் தெருவில் அம்மன் கண்டுபிடித்துக் கொடுத்த பொருட்களின் பட்டியல் பெரியது.

2020-ல் நான் தொலைத்தது ஒரு டி டிரைவ். 150 ஜிபி.

இப்போது ஏன் இந்தக் கதை என்றால், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து என்னோடு பி.காம். படிக்கும் நண்பர்களில் யாராவது ஒருவர், "மச்சான், சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணணும், எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று...

எங்கள் வீட்டுக் கணினி 2012-ல் அக்காவுக்காக வாங்கியது. கடையில் அசெம்பிள் செய்தது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பொருத்த வந்தவர் அதை மூன்றாகப் பிரித்தார். சி 150, டி 150, இ 165. கூட்டிப் பார்த்து 465-தான் வருகிறது, 35 ஜிபியை யார் எடுத்தது என்று அப்பா கேட்டார். மளிகைக் கடைக்காரர் அல்லவா, எடை குறைந்தால் விடமாட்டார். உண்மையில் யாரும் எடுக்கவில்லை. தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கு வைக்கிறார்கள். விண்டோஸ் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. சரக்கு ஒன்றுதான், படிதான் வேறு.

"ஏன் சி-யில ஆரம்பிக்குது? ஏ, பி எங்க போச்சு?" என்று அம்மா கேட்டதற்கு அன்றைக்குப் பதில் கிடைக்கவில்லை. ஏ-யும் பி-யும் ஃப்ளாப்பி டிரைவ்களுக்கு ஒதுக்கிய எழுத்துகள். 1983-ல் ஐபிஎம் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு பிசி எக்ஸ்டி-யை வெளியிட்டபோது அதற்கு மிஞ்சியது சி. ஃப்ளாப்பி செத்துப்போன பிறகும் அந்த இரண்டு நாற்காலியும் காலியாகவே கிடக்கின்றன.

வந்தவர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "சி-யில எதையும் வைக்காதீங்க. முக்கியமானதெல்லாம் டி-யில போடுங்க. பத்திரமா இருக்கும்."

அதை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். எட்டு வருடம்! அக்கா கல்யாணப் படங்கள், அப்பாவின் கடன் பாக்கிக் கணக்கு, என்னுடைய ஸ்கேன் செய்த மார்க் ஷீட்டுகள், எல்லாம் டி-யில். அக்கா 2017-ல் செல்போனில் எடுத்த ஒரு வீடியோவும் அதில் இருந்தது. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் போட்டுத் தாலாட்டுப் பாடிய வீடியோ. அந்த செல்போன் பிறகு தண்ணீரில் விழுந்து போனது. அப்பத்தா 2019-ல் தவறிவிட்டார். அவர் குரல் இருந்த ஒரே இடம் டி டிரைவ்தான்.

பார்ட்டிஷன் என்றால் என்ன? 1959-ல் வந்த சிவாஜி படத்தின் பெயரே சரியான தமிழ்: பாகப்பிரிவினை. அண்ணன் தம்பிக்குள் ஒத்துவரவில்லை என்றால் வீட்டுக்கு நடுவே சுவர் வைக்கிறோம் இல்லையா, அதுபோல. ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்குள் சுவர்கூடக் கிடையாது. பழைய முறையில் தட்டின் முதல் 512 பைட்டில், 64 பைட் மட்டும் ஒரு பாகப்பத்திரம். ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கு பாகம். "இந்த இடத்தில் தொடங்கி இவ்வளவு நீளம் இவருடையது" என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். யூனிகோடில் திருக்கோகர்ணம் என்று எழுதவே 42 பைட் வேண்டும். அதைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில்தான் எங்கள் வீட்டு 500 ஜிபியின் மொத்தப் பாகப்பத்திரமும் இருந்தது. (புதிய கணினிகளில் ஜிபிடி என்ற முறை. அதில் 128 பாகம் வரை வைக்கலாம், பத்திரத்தின் நகல் தட்டின் கடைசியிலும் இருக்கும்.)

சரி, கதைக்கு வருவோம்.

2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்தது. மார்ச்சில் ஊரடங்கு. ஜூலையில் ஆன்லைன் வகுப்பு. கணினி ஆமையாக நகர்ந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து நானே விண்டோஸ் 10 போட உட்கார்ந்தேன். எந்தப் பாகத்தில் போடுவது என்று ஒரு திரை வந்தது. அதில் சி, டி, இ என்று எழுத்து எதுவும் இல்லை! பார்ட்டிஷன் 1, 2, 3, 4 என்று எண்கள் மட்டும். நாங்கள் பிரித்தது மூன்று, இங்கே நான்கு. முதலில் இருந்த 100 எம்பி விண்டோஸ் 7 தனக்காக எடுத்து வைத்துக்கொண்டது என்று அப்போது தெரியாது. 2-க்கும் 3-க்கும் ஒரே அளவு, 150 ஜிபி. வீடியோவில் இருந்தவர் ஒவ்வொன்றாக டெலிட் அழுத்திக்கொண்டே போனார். நானும் அழுத்தினேன். 1, 2, 3... 4-க்கு வரும்போது ஏனோ கை நின்றது. மூன்றும் சேர்ந்து 300 ஜிபி காலி இடமாகக் காட்டியது. அதில் விண்டோஸைப் போட்டேன்.

எல்லாம் முடிந்து திறந்து பார்த்தால் சி இருக்கிறது, டி இருக்கிறது. அப்பாடா என்றிருந்தது. பழைய இ-தான் இப்போது டி என்று பெயர் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த எழுத்து நாம் ஒட்டுகிற லேபிள் மாதிரிதான், இடத்தோடு பிறந்தது இல்லை.

ஆறு நாள் கழித்து அப்பத்தாவின் வருஷத் திதிக்குப் படம் பெரிதாக்க வேண்டும் என்று அப்பா கேட்டபோதுதான் டி-யைத் திறந்தேன். உள்ளே சினிமாப் படங்கள் மட்டும் இருந்தன.

அந்த அரை மணி நேரத்தை எழுத வரவில்லை. அம்மா ஒன்றும் திட்டவில்லை. எழுந்து போய் ஒரு அச்சு வெல்லத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய பாக்கிக் கணக்கு முழுதும் போய்விட்டது என்று நான் நடுங்கிக்கொண்டே சொன்னபோது, "நோட்டு இருக்குல்ல" என்றார். கணினியில் ஏற்றிய பிறகும் அவர் பழைய நீள நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. நாங்கள் எல்லாரும் அதைக் கிண்டல் செய்திருக்கிறோம்.

தெருவில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்த அண்ணன் ஒருவர் உண்டு. முகக்கவசத்தோடு போய் நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா ஓடுது?"

"ஆறு நாள்ணே."

"முதல்ல கரண்ட்டை நிறுத்து. வேலியைப் புடுங்கிட்டா நெல்லு போயிடாதுடா. ஆனா அதுக்கு மேலயே நீ ஆறு நாளா உழுது விதைச்சிருக்கே பாரு, அதுதான் பிரச்சினை."

பாகத்தை அழித்தால் அழிவது அந்தப் பத்திரத்தின் வரி மட்டும். ஒரு ஃபைலை அழித்தாலும் அப்படித்தான், பொருளடக்கத்தில் அதன் பெயரை அடித்துவிட்டு "இந்த இடம் காலி" என்று எழுதுகிறது. பக்கங்கள் அப்படியே இருக்கும், வேறு யாராவது அதன்மேல் எழுதும் வரைக்கும். நானோ ஆறு நாள் வகுப்பு வீடியோக்களாக இறக்கிக் குவித்திருந்தேன்.

அவர் எங்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தன் கணினியில் இரண்டாவது தட்டாக மாட்டி, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். கறுப்புத் திரை, வெறும் எழுத்துகள். தட்டு முழுதும் தேடி, பழைய பாகத்தின் எல்லைக் கற்கள் எங்கே என்று கண்டுபிடிக்கிற மென்பொருள். மாலையில் எங்கள் பழைய 150 ஜிபி திரையில் வந்தது. ஃபோல்டர் பெயர்களோடு! எடுத்ததை அதே தட்டில் எழுதக்கூடாது என்பதால் அவருடைய இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தார்.

ஐந்தில் நான்கு பங்கு படங்கள் பிழைத்தன. அப்பத்தாவின் வீடியோவும் வந்தது. சரியாக 40 நொடி பாடுகிறார். அதற்குப் பிறகு பச்சை, ஊதா கட்டங்கள், ஒரு கரகர சத்தம். பாட்டின் மீதியின் மேல் என்னுடைய ஏதோ ஒரு வகுப்பு உட்கார்ந்திருக்கிறது.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பாகம் பிரிப்பது பாதுகாப்பு இல்லை. ஒரே பெட்டிக்குள் மூன்று அறை போட்டால் அது மூன்று பெட்டி ஆகிவிடாது. சி, டி, இ எல்லாம் ஒரே தட்டில், ஒரே மோட்டாரில், ஒரே முள்ளுக்கு அடியில் சுற்றுகின்றன. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. மோட்டார் நின்றால் மூன்றும் சேர்ந்தே நிற்கும். எங்கள் டிஸ்க் 2018 நவம்பர் 16 கஜா புயலையும் பார்த்தது. அதற்குப் பிறகு பல நாள் மின்சாரமே இல்லை. வந்த பிறகும் வருவதும் போவதுமாக இருந்தது. அப்போதே அது மொத்தமாகச் செத்திருந்தால் எந்த டெஸ்ட்டிஸ்க்கும் உதவியிருக்காது. டி-யில் இருந்ததால் பத்திரம் என்று நாங்கள் நினைத்த எட்டு வருடமும் அதிர்ஷ்டம் மட்டும்தான்.

அப்படியானால் பிரிக்கவே வேண்டாமா? வேண்டும். சி-யை மட்டும் துடைத்து விண்டோஸை மறுபடி போடுவதற்குப் பாகப்பிரிவினை மிக வசதி. இரண்டு இயங்குதளம் வைப்பதற்கும் வேண்டும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது இப்படித்தான். வசதிக்காகப் பிரியுங்கள், பத்திரத்துக்காக நகல் எடுங்கள்.

ஃபார்மட் செய்யப் போகிறவர்களுக்கு, அடிபட்டவன் சொல்கிறேன்:

முதலில், ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் வையுங்கள். 'குடும்பம்', 'சினிமா' என்று. விண்டோஸ் நிறுவும் திரையில் எழுத்து வராது, ஆனால் வைத்த பெயர் வரும். அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாகத்துக்கு ஒரே அளவு வைக்கவே வைக்காதீர்கள்!

இரண்டாவது, டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். கெட்டுப்போய் மாற்றி எழுதிய செக்டார்கள் எத்தனை, சந்தேகத்தில் இருப்பவை எத்தனை என்று இரண்டு எண் வரும். அவை ஏறிக்கொண்டே போனால் உடனே நகல் எடுத்துவிடுங்கள். செக்டிஸ்க் ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. சாகக் கிடக்கிற தட்டை முழுதும் படிக்கச் சொன்னால் அந்த வேலையிலேயே அது போய்விடலாம்.

மூன்றாவது, டிஃப்ராக் செய்வது சுற்றும் தட்டுக்கு நல்லது. எஸ்எஸ்டி-க்குத் தேவையில்லை, தேய்மானம்தான் மிச்சம். இன்னொன்று, எஸ்எஸ்டி-யில் நான் செய்த தவறைச் செய்தால் மீட்பது ஏறக்குறைய முடியாது. காலி என்று குறித்த இடங்களை டிரிம் என்ற கட்டளை உடனே டிஸ்க்குக்குத் தெரிவித்துவிடும், அது துடைத்து வைத்துவிடும். அங்கே வேலியோடு நெல்லும் போய்விடும்.

கடைசியாக, நகல். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். உலகமெல்லாம் சொல்கிற விதி இது. எங்கள் வீட்டில் இப்போது ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில் திருச்சி அக்கா வீட்டில், ஒன்று கூகுள் டிரைவில். முதலாண்டில் இரட்டைப் பதிவு முறை நடத்தும்போது, ஒவ்வொரு பதிவும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். நோக்கம் வேறு என்றாலும் எனக்கு அப்பாவின் நீள நோட்டுதான் ஞாபகம் வந்தது.

இங்கே திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கு என்று ஒரு பிரிவு உண்டு. போகும்போதெல்லாம் அம்மன் காசு ஞாபகம் வரும். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. அந்தக் காசுக்கு வேலையே இல்லாமல் போனது. இருந்தும் இன்னும் எத்தனையோ வீடுகளின் உண்டியலில் அது கிடக்கிறது. ஒரே கஜானாவில் பூட்டி வைக்காமல் ஊர் முழுக்கக் கொடுத்ததுதான் காரணம்.

அக்காவுக்குப் போன வருடம் பெண் குழந்தை பிறந்தது. தூங்க வைக்க அந்த 40 நொடியைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து அம்மா மீதியைப் பாடுகிறார். அதையும் பதிவு செய்துவிட்டேன். மூன்று இடத்தில் இருக்கிறது.

கண்டுபிடித்துக் கொடுத்தது அரைக்காசு அம்மன் என்று அம்மா சொல்கிறார். டெஸ்ட்டிஸ்க் என்று நான் வாதாடுவதில்லை. வெல்லம் வைத்தாயிற்று. நீங்களும் வெல்லம் வைக்கும் நிலைமைக்குப் போகாமல், இன்று ராத்திரியே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.