தம்புள்ளைக் குகையும் சீனத்து மூன்று நெறிகளும்

மாத்தளை மாவட்டத்தின் வடபால், சமவெளியினின்றும் ஏறத்தாழ 160 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் தம்புள்ளைப் பாறையின் குடைவிலே ஐந்து குகைகள் கோயில்களாக அமைந்துள்ளன. முதலாவது குகையிலே, பாறையிற் செதுக்கப்பெற்ற 14 மீற்றர் நீளமான புத்தர் பரிநிர்வாணக் கோலத்திற் கிடக்கின்றார். ஆயினும் அக்குகைக்கு வழங்கும் பெயர் ‘தேவராஜ லென’ என்பதாகும். தேவராஜன் என்று ஈண்டுக் குறிக்கப்பெறுபவர் திருமால். இரண்டாவது குகையாகிய ‘மகாராஜ லென’யிலே புத்தர் படிமங்களின் வரிசையோடு விஷ்ணுவும் சமன் தேவனும் உளர், வட்டகாமணி அபயன், நிசங்கமல்லன் என்னும் மன்னர் இருவரின் உருவங்களும் உள. படைப்புக் கடவுள் ஒருவரைப் பற்றிப் பேசாத நெறியின் கோயிலிலே தேவர்க்கும் வேந்தர்க்கும் என்ன வேலை? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடைகாண முயல்வோர் சீனம் வரை சென்று மீளுதல் பயனுடைத்து.

முதலிலே குகையின் வரலாற்றை நோக்குவோம். கி.மு. 103 அளவில், தமிழகத்திலிருந்து வந்த படைத்தலைவர்களிடம் அநுராதபுரத்தை இழந்த வட்டகாமணி அபயன், தலைமறைவாக வாழ்ந்த காலத்தில் இக்குகைகளிலே தங்கினான் என்பது மரபு. கி.மு. 89 அளவில் அரசை மீட்டதும் தனக்குப் புகலளித்த குகைகளைக் கோயிலாக்கினான் என்பர். அநுராதபுரத்து அபயகிரி விகாரையை நிறுவியவனும் அவனே. அவன் காலத்திலேதான், இதே மாவட்டத்தின் அளுவிகாரையிலே, அதுவரை வாய்மொழியாகவே பேணப்பட்டுவந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பதும் மரபு. போரும் பஞ்சமும் பிக்குகளைச் சிதறடித்தமையால், மனனஞ் செய்தோர் மாண்டால் மறையும் மாண்டுவிடும் என்ற அச்சம் எழுந்தது. அந்த அச்சமே எழுத்தாணியைக் கையில் எடுக்கச் செய்தது எனலாம்.

இவ்வரலாற்றிலே தமிழர் பகைவராக மட்டுமே தோன்றுகின்றனர் என்று எண்ணி முகஞ்சுளிப்போரும், அதனையே பிடித்துக்கொண்டு முழங்குவோரும், பதினெட்டாம் நூற்றாண்டை மறந்துவிடுகின்றனர். தம்புள்ளையில் இன்று காணப்படும் ஓவியங்களின் பெரும்பகுதி கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தது. அவன் தென்னிந்திய நாயக்க மரபினன். சைவச் சூழலிற் பிறந்தவன். அவனது ஆட்சியிலேதான் 1753இல் சீயத்திலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பெற்று, அற்றுப்போயிருந்த உபசம்பதை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. தமிழ்ப் படையெடுப்பினால் ஓடியவனுக்குப் புகலிடமான குகையை, தென்னகத்திலிருந்து வந்த குடியினன் ஒருவன் வண்ணந்தீட்டிக் காத்தான்.

புத்தரின் போதனையின் கரு நான்கு வாய்மைகளிலே அடங்கும். வாழ்வு துக்கமுடையது, துக்கத்துக்கு வேட்கை காரணம், வேட்கை அறத் துக்கம் அறும், அதற்கு வழி எட்டுறுப்புக்களையுடைய நெறி. தோன்றிய யாவும் நிலையற்றன. ‘நான்’ என்று பற்றிக்கொள்ளத்தக்க மாறாத ஆன்மா இல்லை. எல்லாம் சார்பிலே தோன்றிச் சார்பு நீங்க மறைவன. இந்நெறியிலே ஒருவனை மற்றொருவன் கரையேற்ற முடியாது. புத்தர் வழிகாட்டி, வரமளிப்பவரல்லர். இல்லறத்தார்க்கும் அவர் ஒழுக்கம் வகுத்தார் என்பதற்குச் சிகாலோவாத சூத்திரம் சான்றாகும். எனினும், மழை பொய்த்தபோதும் குழந்தை காய்ச்சலிற் கிடந்தபோதும் உழவன் யாரிடம் கையேந்துவான்? பரிநிர்வாணம் எய்திய ஒருவரிடம் வேண்டுதல் செய்வது அவர் போதனைக்கே பொருந்தாது. அந்த இடத்திலேதான் விஷ்ணுவும் சமனும் குகைக்குள் வருகின்றனர். சாசனத்தைக் காக்கும் தேவர்களாக அவர்கள் மதிக்கப்படுகின்றனர். உலகியல் துன்பங்களைக் கேட்டறிவோரும் அவர்களே. வீடுபேற்றை மட்டும் பேசும் நெறிக்கு, வீட்டைப் பற்றிப் பேசும் அயலவர் தேவைப்படுகின்றனர்.

இதே தேவை சீனத்திலே வேறு வடிவிலே வெளிப்பட்டது. பௌத்தம் அங்கே நுழைந்த கி.பி. முதலாம் நூற்றாண்டிலே அந்நாடு வெறுநிலமாக இருக்கவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றிய சிந்தனைகள் அங்கே இருந்தன.

அவற்றுள் ஒன்று கொன்பியூசியஸ் வழி வந்தது. கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்தவராகக் கூறப்படும் அவர் லூ நாட்டினர். சௌ மன்னர்களின் ஆணை வலுவிழந்து சிற்றரசர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்த காலத்திலே, சீர்குலைந்த சமுதாயத்தை எவ்வாறு நிமிர்த்துவது என்பதே அவரது வினாவாயிற்று. ‘ரென்’ எனப்படும் மனிதநேயமும், ‘லீ’ எனப்படும் முறைமையும் அவரது போதனையின் இரு தூண்கள். தந்தைக்கும் மகனுக்கும், அரசனுக்கும் குடிக்கும், கணவனுக்கும் மனைவிக்கும், மூத்தோனுக்கும் இளையோனுக்கும், நண்பனுக்கும் நண்பனுக்கும் இடையிலுள்ள ஐந்து உறவுகள் செம்மையுற்றால் நாடு செம்மையுறும் என்பது அவர் வழிவந்தோர் கோட்பாடு. சான்றோன் பிறப்பினால் ஆவதில்லை, கல்வியாலும் ஒழுக்கத்தாலும் ஆகின்றான் என்பது அவர் அளித்த பெருங்கொடை. மாணாக்கர்கள் தொகுத்த ‘லுன்யூ’ என்னும் நூலிலே அவரது உரையாடல்கள் உள்ளன. ஹான் பேரரசர் காலத்தில் அரசின் கொள்கையாக உயர்ந்த இந்நெறி, 1905இல் அரசாங்கத் தேர்வுமுறை ஒழிக்கப்படும் வரை சீனத்து அலுவலரை உருவாக்கிவந்தது.

மற்றையது தாவோ நெறி. லாவோட்சு என்பவர் சௌ அரசின் ஆவணக் காப்பாளராக இருந்தாரென்பது மரபு. அவர் ஒருவரா பலரா என்று ஆய்வாளர் ஐயுறுவர். அவர் பெயரில் வழங்கும் ‘தாவோ தே சிங்’ 81 இயல்களையும் ஏறத்தாழ 5000 எழுத்துக்களையுமே கொண்ட சிறுநூல். தாவோ என்பது வழி. சொல்லுக்கு அகப்படாத அவ்வழியிலேயே அனைத்தும் இயங்குகின்றன. அதனோடு முரணி முயலாமல், நீர் பள்ளம் நோக்கிச் செல்வதுபோல இயல்பில் நிற்றலே ‘வூவெய்’. கொன்பியூசியஸ் வகுத்த முறைமைகள் யாவும், இயல்பு கெட்ட பின்னர் இட்ட கட்டுக்கள் என்பது இந்நெறியாரின் எள்ளல். சுவாங்ட்சு கி.மு. நான்காம் நூற்றாண்டிலே இவ்வெள்ளலைக் கதைகளாக்கினார். ஆயினும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே சாங் தாவோலிங் தொடக்கிய இயக்கத்தோடு இந்நெறியும் தெய்வங்களையும் நோய்தீர்க்கும் சடங்குகளையும் உடைய சமயமாயிற்று. சொல்லுக்கு எட்டாத வழியைப் பேசியோரும் கிராமத்தவனின் காய்ச்சலுக்கு மருந்து கூறவேண்டியவராயினர் என்பது கருதற்பாலது.

இவ்விரண்டுக்குமிடையே வந்த பௌத்தம் எளிதில் வரவேற்கப்படவில்லை. பெற்றோர் தந்த உடலிலே மயிரை மழித்தலும், மணம் புரியாது குலத்தை அறுத்தலும் கொன்பியூசிய நெறியாருக்குப் பெரும்பாவங்களாகத் தோன்றின. துறவி வேந்தனை வணங்க வேண்டியதில்லை என்று ஹூயுவான் என்னும் பிக்கு 404இல் வாதிட்டு நூலெழுதினார். மறுபுறத்திலே, நிர்வாணம் முதலிய கருத்துக்களைத் தொடக்ககால மொழிபெயர்ப்பாளர் தாவோ நெறியின் சொற்களாலேயே விளக்கினர். அயல்மொழிச் சொல்லை இரவல் வாங்கியே அயல்நெறி பேசக் கற்றது.

அதே காலத்திலே, 399இல் சாங்கான் நகரினின்றும் புறப்பட்ட பாகியன் என்னும் பிக்கு, இந்தியாவைக் கடந்து இலங்கைக்கு வந்து ஈராண்டுகள் தங்கினார். வட்டகாமணி நிறுவிய அபயகிரியிலே, பச்சைக் கல்லாலான புத்தர் படிமத்தின் முன்னர், வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்திருக்கக் கண்டு, அவர் கண்ணீர் உகுத்தார் என்று அவரது பயணநூல் கூறுகின்றது. உடன் வந்தோருள் சிலர் இறந்தனர், சிலர் பிரிந்தனர். நாட்டை விட்டுப் பல்லாண்டுகள் ஆயின. வேட்கையை அறுக்கும் நெறியைத் தேடி வந்தவரை, ஊரின் நினைவு ஒரு விசிறி வடிவில் வந்து வென்றது. அந்தக் கண்ணீரை அவரது துறவின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. புத்தரைப் பின்பற்றிய அவருள்ளே கொன்பியூசியஸ் வளர்த்த மகனும் வாழ்ந்தான் என்பதே அதன் பொருள். பின்னர், 429இலும் 433இலும் இலங்கையிலிருந்து பிக்குணிகள் சீனம் சென்று, அந்நாட்டுப் பிக்குணி சங்கத்தை முறைப்படி அமைக்க உதவினர். கொண்டதைக் கொடுக்கவும் இத்தீவு அறிந்திருந்தது.

மூன்று நெறிகளும் சீனத்திலே எப்போதும் கைகோத்து நடந்தன என்று கூறுதல் பொருந்தாது. 819இல், பேரரசன் புத்தரின் என்புத்தாதுவை அரண்மனைக்கு வரவேற்றபோது, ஹான் யூ என்னும் கொன்பியூசிய அறிஞர் எதிர்ப்பு மடல் ஒன்றை எழுதினார். புத்தர் அந்நியர், சீனரின் மொழியும் உடையும் அறியாதவர், அரசனுக்கும் தந்தைக்கும் உரிய கடமையை உணராதவர் என்பது அவர் வாதம். 845இல் வூசுங் பேரரசன் அதனைச் செயலாக்கினான். 4,600க்கு மேற்பட்ட மடங்கள் அழிக்கப்பட்டன என்றும் 260,500 துறவியர் இல்லறத்துக்குத் திருப்பப்பட்டனர் என்றும் சீனப் பதிவுகள் கூறும். இவ்வளவுக்குப் பின்னரும் அயன்மை கரைந்தது. பௌத்தத்தை மறுத்த சூ சி (1130–1200) முதலிய கொன்பியூசிய அறிஞரின் தத்துவத்திலேயே பௌத்தத்தின் சாயல் படிந்தது. தியானத்தை மையமாகக் கொண்ட சான் பௌத்தத்தில் தாவோவின் எளிமை கலந்தது. 1409ஆம் ஆண்டைப் பொறித்த காலிக் கல்வெட்டிலே, சீனக் கடற்தலைவர் செங் ஹோ சீனமொழியிற் புத்தருக்கும், தமிழிலே தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்திலே அல்லாவுக்கும் காணிக்கை செலுத்தியமை பதிவாகியுள்ளது. 1911இற் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு நூதனசாலையில் உள்ளது.

இவற்றையெல்லாம் நினைவுகூர்தற்கு இன்று காரணம் உண்டு. 2012 ஏப்பிரலிலே, புனித பூமிக்குள் இருக்கின்றதென்று கூறித் தம்புள்ளைப் பள்ளிவாசல் ஒன்றை அகற்றுமாறு பிக்குகளும் உட்பட்ட கூட்டமொன்று ஆர்ப்பரித்தது. 2013 ஒக்டோபரிலே அந்நகரின் பத்திரகாளி அம்மன் கோயில் இடித்தகற்றப்பட்டது. ‘அயலவனின் தெய்வத்துக்கு எம் நிலத்தில் இடமில்லை’ என்னும் வாதம் புதிதன்று. ஹான் யூ புத்தருக்கு எதிராக எடுத்த வாதமும் அதுவே. அவ்வாதத்தால் அன்று காயமுற்ற நெறி, இன்று அதனைத் தன் படைக்கலமாக்கிக்கொள்ளுமாயின், அது தன் வரலாற்றையே மறந்ததாகும். தமிழரும் இவ்விடத்துத் தம்மை நோக்குதல் வேண்டும். மணிமேகலையை ஈன்ற மொழி, பௌத்தத்தைப் பின்னர் புறச்சமயமென்று ஒதுக்கியது. தமிழ்ப் பௌத்தர் வாழ்ந்த காலமும் பலரது நினைவிலிருந்து அகன்றுவிட்டது.

தேவராஜ குகையிலே புத்தர் கிடக்கின்றார்; திருமால் அவருக்கு அயலாக நிற்கின்றார். நூற்றாண்டுகளாக ஒருவர் மற்றவரை வெளியேறுமாறு கூறவில்லை. முத்தியைப் புத்தரிடமும், மழையைத் தேவரிடமும், முறைமையைப் பெற்றோரிடமும் கேட்டறிந்த எளிய மக்களே அவ்விருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தனர். மலையடிவாரத்து நகரம் அக்கூரையின் கீழ் அடங்குமா என்பதே தம்புள்ளை எழுப்பும் வினா. அதற்கு விடையளிக்க வேண்டியவர்கள் குகையிலுள்ள கற்சிலைகள் அல்லர்.