ஏறமாட்டேன் என்பவர்

அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிந்திருந்தால், அனுபவமுள்ள தென்னை ஏறுகாரர் தளைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். தஞ்சாவூர் வாடல் நோய் அது. 1952-இல் அங்கே கண்டறியப்பட்டதால் ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. கானோடெர்மா பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்துவிடும்.

சிவப்புக் கூன்வண்டு இன்னும் மோசம். புழு உள்ளே குடைந்து தின்னும். வெளியே சில துளைகள், மென்று தள்ளிய நார், அவ்வளவுதான். கொண்டை எப்போது முறியும் என்று யார் கண்டார்?

மழையில் நனைந்த மரம், மட்டை உரசும் மின்கம்பி என்றாலும் "இன்னைக்கு வேணாங்க"தான். "கூலி ஏத்தத்தான் இந்த நாடகம்" என்று தோப்புக்காரர் முணுமுணுப்பார். பாவம், அவர் ஏறிப் பார்த்ததில்லை.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் ஏறும் கருவி பழக்கினார்கள். நல்ல வேலைதான். ஆனால் கருவியும் அதே தண்டைப் பிடித்துத்தானே ஏற வேண்டும்?