செத்த நாய்க்கு எதுக்கு டெஸ்ட்?

ஒரகடம் ஷிஃப்ட் பஸ்ஸுக்காக விடியற்காலையில குன்றத்தூர் ரோட்டுல நின்னவங்களுக்குத் தெரியும், அந்த நேரத்துல ஆளைவிட நாய்தான் அதிகம். போன வருஷம் அதுல ஒண்ணு எங்க தெரு அண்ணன் ஒருத்தரைக் கடிச்சுது. கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. அரசு மருத்துவமனையில ஊசி இலவசம்தான். ஆனா 0, 3, 7, 28-ன்னு நாலு நாள் போகணும். லீவு போட்டா சம்பளம் கட். மூணு ஊசியோட நிறுத்திடலாம்னு பார்த்தார். எங்கம்மா திட்டித்தான் நாலாவதுக்கு அனுப்பினாங்க.

கடிச்ச நாய் ரெண்டே நாளில் செத்துப்போச்சு. தெருக்காரங்க ஏரிக்கரையில புதைச்சிட்டாங்க. அதுக்கு ரேபிஸ் இருந்துச்சுன்னு ஒரு காகிதம் கையில இருந்திருந்தா, அண்ணன் யோசிச்சிருக்கவே மாட்டார்.

கடிச்ச நாய் 10 நாள் நல்லா இருந்தா, கடிச்சப்போ அதோட எச்சில்ல வைரஸ் இல்லைன்னு அர்த்தம். செத்துட்டா மூளையைத்தான் பார்க்கணும். (ரிசல்ட் வரட்டும்னு ஊசியைத் தள்ளிப் போடக்கூடாது, அது வேற விஷயம்.) வழக்கமான டெஸ்டுக்கு ஃப்ளோரசன்ட் மைக்ராஸ்கோப் வேணும், விலை லட்சங்கள்ல. அமெரிக்காவின் சிடிசி உருவாக்கின 'டிரிட்' முறையில அது தேவையில்லை. வைரஸ் இருக்கிற இடத்தை ஒரு என்சைம் சிவப்பாக்கிக் காட்டும். சாதாரண லேப் மைக்ராஸ்கோப்பே போதும், ஒரு மணி நேரத்துல முடிவு. தான்சானியாவில், கிளிசரின் கரைசல்ல மாசக்கணக்கா கிடந்த மூளைத் துண்டுகளை வெச்சுப் பார்த்தாங்க. 2006-ல் வெளியான அந்த ஆய்வுல, பழைய டெஸ்டும் இதுவும் ஒரே முடிவைத்தான் சொல்லுச்சு.

மண்டையோட்டை அறுக்கவும் வேண்டாம். கழுத்தெலும்பு மண்டையோட சேர்ற ஓட்டை வழியா ஸ்ட்ரா மாதிரி குழாயை விட்டே மூளைத்தண்டை எடுத்துடலாம். தடுப்பூசி போட்ட, பயிற்சி உள்ளவங்க மட்டும்! கோவிட் கிட் மாதிரி பட்டை டெஸ்டும் இருக்கு. ஆனா சில கேஸை அது தவறவிடும், நெகட்டிவ்னு வந்தா நம்ப முடியாது.

2030-க்குள்ள நாய் மூலமா வர்ற ரேபிஸை ஒழிப்போம்னு 2021-ல இந்தியா திட்டம் போட்டுச்சு. எந்த ஊர் நாய்க்கு நோய் இருக்குன்னே தெரியாம, ஒழிஞ்சதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நாய்க்கு ஐஓடி காலர் மாட்டுற ஃபைனல் இயர் ப்ராஜக்ட் நிறைய பார்த்தாச்சு. எனக்கென்னவோ சிக்கல் மைக்ராஸ்கோப்புல இல்லைன்னு தோணுது. கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது மாதவரத்துல, சென்னைக்கு அந்தப் பக்கம். குன்றத்தூர்ல ஒரு நாய் செத்தா யாருக்கு போன் பண்ணணும், யார் வந்து மூளையை எடுப்பாங்க, அந்த டப்பாவை மாதவரம் வரைக்கும் யார் தூக்கிட்டுப் போவாங்க? இதுக்கு ஒரு ப்ராஜக்ட் யாராவது போடுறீங்களா? டீம்ல நான் இருக்கேன்.