பெயரில் அவிழ்ந்த முடிச்சு

நுழையும்முன்

மூலமொழியில் கதை படிப்பவர்க்குக் கதைமாந்தரின் பெயர் ஓர் அடையாளம். மொழிபெயர்ப்பில் படிப்பவர்க்கோ சில வேளைகளில் அப்பெயரே புதிராகிவிடுகிறது. ஒரு பெயர் மாறினால் கதைப்போக்கு எவ்வாறு குழம்புகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மூவர் சொன்ன மூன்று பெயர்கள்

பிரான்சு நாட்டுச் சிறுவன் ஒருவனும் டென்மார்க் நாட்டுச் சிறுமி ஒருத்தியும் சந்திப்பதாக எண்ணிப் பாருங்கள். இருவரும் ஹாரி பாட்டர் கதையைத் தத்தம் மொழியில் படித்தவர்கள். கொடியவனாகிய வோல்டெமார்ட்டின் இளமைக்காலப் பெயர் என்ன என்று பேச்சு எழுகிறது. ‘டாம் எல்விஸ் ஷெதுசோர்’ என்கிறான் சிறுவன். ‘ரோமியோ ஜி. டெட்லெவ் ஜூனியர்’ என்று அடித்துச் சொல்கிறாள் சிறுமி. ஆங்கில மூலத்தைப் படித்த மூன்றாமவர் வந்து, இரண்டும் இல்லை, ‘டாம் மார்வோலோ ரிடில்’ என்கிறார். மூவர் கையிலும் நூல் உண்டு. மூவர் கூற்றுக்கும் அச்சுச் சான்று உண்டு. அப்படியாயின் பிழை யாருடையது?

ஒருவருடையதும் அன்று. ஜே. கே. ரௌலிங் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டாம் நூலில் அந்தப் பெயருக்குள் ஒரு புதிரை ஒளித்துவைத்தார். டாம் மார்வோலோ ரிடில் என்பதன் 16 ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால், ‘நானே வோல்டெமார்ட் பிரபு’ எனப் பொருள்படும் தொடர் கிடைக்கும். அமைதியான மாணவனும் கொடுங்கோலனும் ஒருவனே என்னும் உண்மை அவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. பெயரை அப்படியே விட்டால் பிறமொழி வாசகனுக்குப் புதிர் விளங்காது. புதிரைக் காக்க வேண்டுமெனில் பெயரை மாற்றியாக வேண்டும். பல மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டாம் வழியையே தேர்ந்தனர். பிரெஞ்சுப் பெயரும் டேனியப் பெயரும் அவ்வம்மொழியில் அதே உண்மையை வெளிப்படுத்தும் வகையில் எழுத்தெண்ணிப் புனையப்பட்டவை.

பின்னால் வந்த சிக்கல்

கதை அத்துடன் முடிந்திருந்தால் துன்பமில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2005இல் ஆறாம் நூல் வந்தது. டாம் என்பது தந்தையின் பெயர் என்றும் மார்வோலோ என்பது தாய்வழிப் பாட்டனின் பெயர் என்றும் அந்நூல் விரித்துரைத்தது. அந்த இடைப்பெயர் குலவரலாற்றின் திறவுகோலாயிற்று. மேலும், டாம் என்னும் பெயர் ஊரெங்கும் கிடைக்கும் சாதாரணப் பெயராக இருப்பதை அந்தச் சிறுவன் வெறுக்கிறான். தனக்கென ஒரு தனிப்பெயரை அவன் புனைந்துகொள்வதன் உளவியல் அந்த வெறுப்பில் உள்ளது. டாமை ரோமியோ ஆக்கிய மொழியில் இக்காட்சி எத்தகைய இடர்ப்பாட்டை விளைவிக்கும் என்பதை எளிதில் உணரலாம். இரண்டாம் நூலில் ஒரு முடிச்சைக் காத்தவர், ஆறாம் நூலில் வரவிருந்த முடிச்சை அறியார். முற்றுப்பெறாத தொடரை மொழிபெயர்ப்பவர், பாதி கட்டிய வீட்டுக்குக் கதவு செய்பவரைப் போன்றவர்.

முந்திக்கொண்ட விடை

குழப்பத்துக்கு மறுதலையான ஒரு நிகழ்வும் உண்டு. ஆறாம் நூலின் இறுதியில் பெரும்பாடுபட்டுக் கொணர்ந்த பதக்கம் போலி எனத் தெரியவருகிறது. அதனுள் ‘ஆர். ஏ. பி.’ என்னும் மூன்று எழுத்துகள் ஒப்பமிட்ட குறிப்பொன்று இருக்கிறது. யார் அவர்? விடைக்காக ஆங்கில வாசகர்கள் 2007ஆம் ஆண்டு வரை காத்திருந்தனர். ஆனால், டச்சு மொழிபெயர்ப்பில் அவ்வெழுத்துகள் ‘ஆர். ஏ. இசட்.’ என்றும், நார்வீஜிய மொழிபெயர்ப்பில் ‘ஆர். ஏ. எஸ்.’ என்றும் மாறியிருந்தன. கறுப்பு எனப் பொருள்படும் பிளாக் என்ற குடும்பப்பெயர் டச்சில் ஸ்வார்ட்ஸ் என்றும் நார்வீஜியத்தில் ஸ்வார்ட் என்றும் முன்னரே பெயர்க்கப்பட்டிருந்தது. மூன்றாம் எழுத்து எந்தப் பெயருடன் சேர்ந்து மாறியது என்று ஒப்பிட்டவர்கள், அவர் சீரியஸ் பிளாக்கின் தம்பி ரெகுலஸ் என ஊகித்துவிட்டனர். இறுதி நூல் அந்த ஊகத்தை மெய்ப்பித்தது. ஒரு மொழியில் மறைந்திருந்ததை இன்னொரு மொழி வெளிப்படுத்திவிட்டது.

பெயரே தீர்ப்பாகும்போது

ஆசிரியர் ஸ்னேப் நல்லவரா, தீயவரா என்னும் ஐயமே அத்தொடரின் உயிர்நாடி. ருசிய மொழிபெயர்ப்பொன்று ‘தீய’ என்னும் சொல்லை நினைவூட்டும் வகையில் அவருக்கு ‘ஸ்லேய்’ எனப் பெயர் சூட்டியது. வாசகன் ஏழு நூல்களைப் படித்து அடைய வேண்டிய தீர்ப்பை அப்பெயர் முதல் நூலிலேயே வழங்கிவிடுகிறது. அதுவும் தவறான தீர்ப்பை.

பிளேஸ் ஸபீனி என்னும் மாணவரின் நிலை வேறு. முதல் நூலில் அப்பெயர் ஒரே ஒருமுறை, ஆணா பெண்ணா என்னும் குறிப்பின்றி வருகிறது. சில மொழிபெயர்ப்புகள் அவரைப் பெண்ணாகக் கொண்டன. ஆறாம் நூலில் அவர் ஆண் எனத் தெரியவந்தது. தமிழர் இச்சிக்கலை நன்கு உணர்வர். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என வினைமுற்றே பால் காட்டும் மொழி நமது. ஆங்கில ஆசிரியர் சொல்லாமல் விட்டதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பல இடங்களில் சொல்லியே தீர வேண்டும்; அல்லது ‘வந்தார்’ என மரியாதைப் பன்மையில் ஒதுங்க வேண்டும்.

வழிகாட்டியும் வாசகரும்

இத்தகைய இடர்களை முன்னுணர்ந்தவர் டோல்கீன். 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘மோதிரங்களின் தலைவன்’ நூலின் பெயர்கள் தொடக்ககால மொழிபெயர்ப்புகளில் கையாளப்பட்ட விதம் அவருக்கு மனநிறைவு தரவில்லை. எவற்றைப் பொருள்நோக்கிப் பெயர்க்கலாம், எவற்றை ஒலிமாறாமல் காக்க வேண்டும் என விளக்கும் வழிகாட்டி ஒன்றை அவரே எழுதினார். அவர் முழுக்கதையையும் எழுதி முடித்திருந்தார். ஆகவே, அவருடைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்த வழிகாட்டி பயன்பட்டது. ரௌலிங்கின் மொழிபெயர்ப்பாளர்களோ, பின்வரும் நூல்களை அறியாமலே பெயர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பில் படிக்கும் இளைஞர், கதை குழம்பும் இடத்தில் தம் அறிவையே முதலில் ஐயுறுகின்றனர். ‘எனக்குத்தான் விளங்கவில்லை’ என்று நூலை மூடிவிடுகின்றனர். மூடவேண்டியதில்லை. அவ்விடத்தில் இரு மொழிகள் ஒன்றோடொன்று உரசியிருக்கக்கூடும். முந்தைய பக்கங்களைப் புரட்டி, இந்தப் பெயர் முன்பு எங்கே வந்தது, மூலத்தில் என்னவாக இருந்திருக்கும் என்று தேடுபவர், மூல வாசகனுக்கும் வாய்க்காத ஒன்றைக் காண்கிறார். ‘ஆர். ஏ. பி.’ யார் என்பதை டச்சு நூலையும் நார்வீஜிய நூலையும் ஒப்பிட்டவர்கள் இறுதி நூல் வரும்முன்னரே கண்டறிந்தது அவ்வாறுதான்.